தரையில் தட்டிய கை

கண்ணு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு பதிலைத் தள்ளிப்போட்டேன். உண்மை அதுவல்ல. நீ கேட்டதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பெண்களுக்கும் பாக்சிங் வரப்போகிறது, ஜூடோவை விட்டுவிட்டு அதற்கு வந்துவிடு என்று அங்குள்ள பயிற்சியாளர் கூப்பிடுகிறார், உயரமும் இடது கையும் உனக்கு வாகாக அமைந்திருக்கின்றன என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் உன் இஷ்டம் என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் பக்கத்தின் அடியில், "நான் பாக்சிங்குக்குப் போனால் அப்பா என்னோடு பேசுவாராம்மா?" என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

பேசுவார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பயமே அதனால்தான். நீ அதற்காகவே போய்விடுவாயோ என்று. ஆகவே சுருக்கமாக எழுதாமல், எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன். பஞ்சாப் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்த கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு, ஒரம்பரை, சொந்தக்காரர்கள் என்று பத்துப் பேரோடு வந்து இறங்கினார். மில்லில் வேலை, நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். மூக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நடு மூக்கு உள்ளே அமுங்கி, நுனி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. என் அப்பாவால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "ஏனுங் மாப்ளே, மூக்குல என்னுங்க, வண்டி கிண்டி ஏறிப்போச்சுங்களா?" என்று கேட்டே விட்டார். "பாக்சிங்குங்க மாமா" என்றார் இவர். எங்கள் ஊரில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. உடனே பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று காற்றில் குத்திக் காட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டேன். சத்தம் வெளியே கேட்டுவிட்டது. அவர் குத்துவதை நிறுத்தாமலே கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

பாக்சிங்கைப் பற்றி நான் கெட்டதாக எழுதப்போகிறேன், அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழையை நம்பிய நாலு ஏக்கர் நிலமும், தொட்டதற்கெல்லாம் கைநீட்டுகிற கோபமும்தான் அந்த மனிதனுக்கு அவருடைய அப்பா கொடுத்தவை. அந்தக் கோபத்துக்கு ஒரு கயிறு கட்டி, நாலு மூலை போட்டு, மணி அடித்தால்தான் கை ஓங்க வேண்டும், அடுத்த மணி அடித்தால் இறக்கிவிட வேண்டும் என்று பழக்கியது பாக்சிங். மில் வேலையும் அதனால்தான் கிடைத்தது. கல்யாணமான புதிதில் சேலத்தில் ஒரு போட்டிக்கு என்னை அழைத்துப் போனார். எல்லோரும் குத்துகிற கைகளைப் பார்த்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பயம், அதனால் கண்ணைத் தாழ்த்தி அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதங்கள் தரையில் எழுதுகிற மாதிரி இருந்தன. ஒரு தடவைகூட ஒன்றை ஒன்று இடறவில்லை. அப்படி அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. உன் அப்பா பாக்சிங்கை ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று யாராவது கேட்டால் அந்தப் பாதங்கள்தான் எனக்கு நினைவு வரும்.

மில்லை மூடியபிறகு அவர் சிங்காநல்லூரில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் போனதும், சாயங்காலம் குளத்துப் பக்கத்துக் கொட்டகையில் பசங்களைச் சேர்த்துக் குத்துப் பை தொங்கவிட்டதும் உனக்குத் தெரியும். நீ காலேஜில் ஜூடோ சேர்ந்தபோது, "கட்டிப் புடிச்சு உருள்றதெல்லாம் ஒரு வெளையாட்டா அம்மிணி?" என்று கேலி செய்தாரே தவிரத் தடுக்கவில்லை. மெடல் வாங்கி வந்த அன்று காதர் மாமா கடைக்கே உன்னை அழைத்துப் போய்க் காட்டினார். காதர் மாமாவும் அவரும் ஒன்றாக ரிங்கில் ஏறியவர்கள். உக்கடத்தில் இரும்புக் கடை போட்டு உட்கார்ந்தபிறகும், உன் அப்பா போகிற ஒவ்வொரு போட்டிக்கும் தோளில் துண்டோடு மூலையில் நின்ற மனிதர் அவர்.

அந்த வருடங்களில் நான் கவனித்த சில விஷயங்களை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். காயில் சுற்றும்போது அவருக்குச் சுற்றுகளின் எண்ணிக்கை தவற ஆரம்பித்தது. அவர் சுற்றிக் கொடுத்த பம்ப் மோட்டார்கள் புகைந்து திரும்பி வந்தன. முதலாளி நல்லவர், வேறு ஆளை வைத்துத் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். இன்னொரு நாள் காங்கேயம் போகக் கிளம்பிய மனிதர் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டு, எந்தப் பஸ் ஏறுவது என்று தெரியாமல் சாயங்காலம் திரும்பி வந்தார். பேச்சில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. தெருவில் குடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அவர் வேலை முடிந்து வரும்போது துண்டு வாங்குகிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. குடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்த மனைவி நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பிரகாஷ் வந்தான். துடியலூர்ப் பையன், ஐந்தாறு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே தாய்லாந்துக்காரனிடம் கால் சண்டையும், யாரோ ஒருவனிடம் தரைப் பிடிகளும் கற்றுக்கொண்டு வந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பழைய கோழித்தீவனக் குடோனைப் பிடித்து வகுப்பு ஆரம்பித்திருந்தான். பாக்சிங், மல்யுத்தம், ஜூடோ, கராத்தே எல்லாம் கலந்த சண்டை. அதற்கு நம் ஊரில் அப்போது ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை, பசங்கள் 'மிக்ஸ்டு' என்றார்கள். உன் அப்பாவின் கொட்டகையிலிருந்து ஒவ்வொருவராக அங்கே போனார்கள். அதை அறிந்து, அவனே மரியாதையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழமும் ஒரு வீடியோ கேசட்டும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். நீங்களும் வந்து பாக்சிங் பகுதியைச் சொல்லிக் கொடுங்கள், இருவரும் சேர்ந்து நடத்தலாம் என்று கேட்கத்தான் வந்தான். இதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நீ மறக்காதே.

நீயும் கூடவே தரையில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைப் பார்த்தாய். கம்பி வலைக் கூண்டுக்குள் இரண்டு பேர். ஒல்லியான ஒருவன் தன்னைவிட இரண்டு பங்கு பருமனானவனைக் கீழே இழுத்துப் போட்டு, முதுகுப்பக்கம் ஏறி, கழுத்தைச் சுற்றிக் கையைப் பூட்டினான். பெரியவன் தரையைத் தட்டினான். உடனே ஒல்லியானவன் பிடியை விட்டுவிட்டான். இருவரும் எழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த சண்டையில் ஒருவன் மேலே உட்கார்ந்து கீழே கிடந்தவன் முகத்தில் குத்தினான், ரத்தம் வந்தது, நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே உன் அப்பாவின் குரல் கேட்டது.

"ஏன்டா தம்பி, இதையா சண்டைங்கறே? கீழ உழுந்தவனை அடிக்கிறது ஆம்பளை பண்ற காரியமா? பாக்சிங்குல ஒருத்தன் உழுந்துட்டான்னா நாங்க எட்டிப் போய் மூலையில நிப்போம். எந்திரிக்கிறானான்னு எண்ணுவாங்க."

"எந்திரிச்சா என்னுங்கண்ணா பண்ணுவீங்க?"

"எந்திரிச்சா மறுக்கா சண்டைதான்."

"அதைத்தானுங்கண்ணா கேக்கறேன்" என்றான் பிரகாஷ். குரலை உயர்த்தவே இல்லை. "தலை கலங்கிப் போனவனை எட்டு எண்ணி எழுப்பி நிக்க வெச்சு, மறுக்கா அதே தலையில குத்தறோமுங்களே. அதுக்கு இது தேவலீங்களே. முடியலீன்னா அவனே தட்டிப்போட்டு எந்திரிச்சுக்குவானுங்க."

"தட்டறது தோக்கறதுடா."

"உசுரோட தோக்கறதுங்கண்ணா."

நான் எட்டிப் பார்த்தபோது உன் அப்பாவின் முகம் பார்க்க முடியாதபடி இருந்தது. அவன் சொன்னது தப்பு என்பதால் கோபம் வந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பார். பதில் அகப்படவில்லை, அதனால்தான், "வர்ற ஞாயித்துக்கிழமை உன்ற குடோனுக்கு வாரேன். நீ உன்றது போடு, நான் என்றது போடறேன். பாத்துக்கலாம்" என்றார். பிரகாஷ் எழுந்து கும்பிட்டு, "வேண்டாமுங்கண்ணா, நான் அதுக்கு வரலீங்க" என்று எவ்வளவோ சொன்னான். போனபின் நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். காதர் மாமா வந்து, "டேய், நமக்கு வயசு அம்பது ஆகப்போகுது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவரிடமே உன் அப்பா வாக்கு வாங்கிக்கொண்டார். என்ன ஆனாலும் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தக் கூடாது என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ உன் இடத்திலிருந்து பார்த்தாய். நான் பின்னால் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்திலிருந்து பார்த்தேன். முதலில் உன் அப்பாதான் ஜெயிப்பார் போலிருந்தது. பிரகாஷ் காலால் எத்தினான், இவர் நகர்ந்துகொண்டார். கிட்டே வந்தபோது இடது கையால் ஒன்று விட்டார் பார், அவன் தலை பின்னுக்குப் போய் வாயில் ரத்தம் வந்தது. கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன், வெட்கமாக இருக்கிறது எழுத, ஆனால் கத்தினேன். அவருடைய பாதங்கள் பழையபடி ஓடின. ஐந்து நிமிடம் வரைக்கும் அந்தப் பாதங்களுக்கு வயதாகவே இல்லை. பிறகு பிரகாஷ் குனிந்து அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்து அணைத்துத் தூக்கினான். பாக்சிங் ரிங்கில் யாரும் அவர் காலைத் தொட்டது கிடையாது. கீழே விழுந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்திருக்க முதுகைத் திருப்பினார். அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு கழுத்தில் கையைப் போட்டுப் பூட்டிவிட்டான்.

தட்டச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். "தட்டுங்கண்ணா, தட்டுங்கண்ணா" என்று பின்னாலிருந்து பிரகாஷே கெஞ்சியது எனக்குக் கேட்டது. இவர் தட்டவில்லை. கை தரையில் விரிந்து கிடந்தது, விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. முகம் கறுத்தது. நடுவர் என்று நிறுத்தியிருந்த கராத்தே மாஸ்டர் குனிந்து பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. காதர் மாமா துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றார். முதுகில் இருந்தவனுக்கு அவர் முகம் தெரியவில்லை. அப்போது விரல்கள் மடங்குவது நின்றது. நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, அவர் கைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, தரையை ஓங்கி ஓங்கித் தட்டினாய். சத்தம் கேட்டதும் பிரகாஷ் பிடியை விட்டுவிட்டான். அவர்தான் தட்டினார் என்று நினைத்துக்கொண்டான். கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. "தட்டிட்டாரு, தட்டிட்டாரு" என்று கைதட்டினார்கள்.

அவருக்கு நினைவு திரும்பியபோது காதில் விழுந்தது அந்த வார்த்தைதான். "ஆருடா தட்டுனது? நான் தட்டுல" என்று எழுந்து உட்கார்ந்தார். நீ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நாந்தானுங்கப்பா" என்றாய். அதற்கு அவர், அத்தனை பேர் நடுவில், "என்ற ரத்தமா இருந்தா நீ தட்டியிருக்க மாட்டே. இனி எங்கூடப் பேசாதே" என்றார். அதை நான் திரும்ப எழுதுவது உன்னைப் புண்படுத்த அல்ல. அந்த வார்த்தையை நீ மட்டும் சுமந்துகொண்டு அங்கே இருக்கிறாய், இங்கே நானும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். நீ பஞ்சாபுக்குப் படிக்கக் கிளம்பியபோது ரயில் ஏற்றிவிடக்கூட வரவில்லை. நீ ஜன்னல் வழியாக ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ போனபிறகு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதினேன். கழுத்து வலி போகவில்லை என்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரை ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டு, "இவர் பாக்சராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று குடோனில் நடந்ததைச் சொல்லி, அந்தக் கழுத்துப் பிடியினால்தான் இப்படி ஆகிவிட்டதா என்று அழுதேன். "கழுத்துக்கு ஒண்ணும் இல்லைம்மா. இது அன்னிக்கு ஒரு நாள் பட்டது இல்லை. வருஷக்கணக்கா தலையில வாங்கினது. சின்னச் சின்ன அடியா சேர்ந்து வந்திருக்கு. இனிமே கூடுமே தவிர குறையாது" என்றார். நான் ஸ்கேன் படத்தைச் சுருட்டி முந்தானையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

உன் அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "குத்து வாங்கி எவனுக்குமே ஒண்ணும் ஆவுல. அந்தத் துடியலூரான் கழுத்தைத் திருகுனதுதான்" என்று ஊரெல்லாம் சொன்னார். ஊர் நம்பியது. பிரகாஷின் வகுப்புக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவன் குடோனைக் காலி செய்துவிட்டு, இப்போது யாரோ ஒருவருடைய லாரி ஆபீசில் வேலை செய்கிறான். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். "அக்கா, அண்ணனுக்குத் தேவலீங்களா?" என்று கேட்டான். உண்மையை அவனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் அன்னிக்கு அந்த எட்டு எண்றதைப் பத்திப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். தான் தப்பு செய்யவில்லை என்று தெரிந்ததில் அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட வரவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பாக்சிங்கா, அந்தக் கலப்புச் சண்டையா என்று ஆண்கள் விவாதிக்கும்போது யார் யாரை ஜெயிப்பார்கள் என்றுதான் பேசுகிறார்கள். நின்றுகொண்டு மோதினால் பாக்சர், தரைக்குப் போய்விட்டால் மற்றவன். அதை அந்தக் குடோனிலேயே பார்த்தாயிற்று. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வீட்டுக்குத் திரும்பி வருகிற மனிதன் எப்படி வருகிறான் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கேசட்டில் வந்த சண்டை கண்ணால் பார்க்கச் சகிக்காது. கை கால் மூட்டைப் பிசகவைக்கிறார்கள், கிடப்பவன் மேல் குத்துகிறார்கள். பிரகாஷிடம் பழகிய பையன்களில் ஒருவன் தோள் கழன்று மூன்று மாதம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். அதைப் புனிதம் என்று நான் சொல்லவில்லை. பாக்சிங்கோ பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. பெரிய கிளவுஸ், சுத்தமான ரிங், மணி, மரியாதை. ஆனால் அந்தப் பெரிய கிளவுஸ் கையைத்தான் காப்பாற்றுகிறது, தலையை அல்ல என்று எனக்கு இருபது வருடம் தெரியாது. பயிற்சி என்ற பெயரில் வாங்கிய குத்துக்கெல்லாம் ரத்தமே வரவில்லை, அதனால் நான் மஞ்சள்கூட வைக்கவில்லை.

இன்னொன்று. பாக்சிங்கில் போதும் என்று சொல்வதற்கு ஒரு துண்டு இருக்கிறது, ஆனால் அது அடுத்தவர் கையில் இருக்கிறது. காதர் மாமா போன மாதம் வீட்டுக்கு வந்து, உன் அப்பா குளிக்கப் போயிருந்தபோது, "அம்மிணி, துண்டு என்ற கையிலதான் இருந்துச்சு. வாக்குக் குடுத்துட்டோமேன்னு நின்னுபோட்டேன். புள்ளை மட்டும் ஓடி வரலீன்னா நான் அதை எறிஞ்சிருப்பனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் ஜூடோ வகுப்பை நான் வந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பொழுதுக்கும் தட்டுகிறீர்கள். தட்டிவிட்டு எழுந்து சிரித்துக்கொண்டு அடுத்த பிடிக்குப் போகிறீர்கள். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. அந்தப் பழக்கம் உன் அப்பாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எழுந்து நிற்பது.

உனக்கு ஆசை என்றால் பாக்சிங்குக்குப் போ. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அந்த ஆசை உன்னுடையதா, அவரைப் பேசவைக்கிற ஆசையா என்று பிரித்துப் பார்த்துக்கொள். அவரைப் பேசவைக்க வேண்டும் என்று ரிங்கில் ஏறினால், நீ விழுகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பாய். எழுந்திருக்கக் கூடாத சமயத்திலும் எழுந்து நிற்பாய். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிற்பாய். உன்னை எனக்குத் தெரியும். அவருக்கு உன் பயிற்சியாளர் சொன்னதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் துள்ளிக் குதிப்பார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உன் முடிவு எதுவோ, அதை எனக்கு எழுது. பிறகு சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இன்று பேனாவை எடுத்தேன். நானும் அவரும் முறத்தைப் போட்டுக்கொண்டு கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் அவரைக் காயில் சுற்ற அனுப்புவதில்லை, இந்த மாதிரி வேலைகளைக் கொடுத்துக் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று, "அம்மிணி எப்ப வாரா?" என்றார். நீ போன நாளாக உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதர். பொங்கலுக்கு வருகிறாள் என்றேன். கொஞ்ச நேரம் உரித்தார். பிறகு, "அவ மேல எனக்கு நெம்பக் கோவம்" என்றார்.

"தெரியுமுங்க" என்றேன்.

"எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

நான் அவரைப் பார்த்தேன். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். "ரோசனை பண்ணிப் பண்ணிப் பாக்கறேன், பிடிபட மாட்டேங்குது. கோவம் இருக்குது. என்னத்துக்குன்னு இல்லை. நீ சொல்லு" என்றார்.

கண்ணு, ஒன்றுமில்லைங்க, வெறும் படிப்புக்குப் போன கோபம்தான் என்று சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு நீ வந்து இறங்கும்போது சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பார். உரித்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் நீ செய்ததும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அவர் உயிரோடு உட்கார்ந்து கடலைக்காய் உரிப்பதற்குக் காரணமான ஒன்றை நான் எப்படி மறைப்பேன்? எல்லாவற்றையும் சொன்னேன். பிரகாஷ் வந்ததை, கேசட்டை, குடோனை, அவர் விட்ட இடது கைக் குத்தை. அந்தக் குத்தைச் சொன்னபோது மட்டும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கழுத்துப் பிடியைச் சொன்னேன். விரல்கள் நின்றதைச் சொன்னேன். நீ ஓடி வந்து தரையைத் தட்டியதையும், அவர் உன்னைப் பேசியதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். யாரோ ஒருவருடைய வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டார். முடிந்தபின் உள்ளங்கைகளில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஊதித் தட்டிவிட்டு, "தட்டுறப்ப அவ கை நடுங்குச்சா?" என்று கேட்டார்.

என்ன சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். "நடுங்குச்சுங்க. உடம்பெல்லாம் நடுங்குச்சு. நடுங்கிக்கிட்டேதான் தட்டுனா."

முறத்தில் கிடந்த தொலியையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு, "அப்பச் செரி. நடுங்காமத் தட்டியிருந்தா அதுக்குத்தான் நான் கோவிச்சுக்கோணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடு. அவரை அழைத்துக்கொண்டு வந்து உட்காரவைக்கிறேன். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நேற்று நான் சொன்னது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவரிடம் நிற்குமா என்பதும் தெரியாது. இன்று காலையிலேயே ஒருவிதமாக முகத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தார். கோபம் மட்டும் திரும்பி வந்து, காரணத்தை மறுபடி என்னிடமே கேட்டால், பிரகாஷ் வந்த நாளிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் சொல்வேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.

உன் அம்மா